சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸைக் கவிழ்த்தது எஸ்.எம்.யூ. மட்டும்தானா?

வணக்கம். அமெரிக்கன் ஃபுட்பாலில் எஸ்.எம்.யூ.வுக்கு (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்) விழுந்த 'மரண தண்டனை'யால்தான், அதாவது ஆடவே விடாத தடையால்தான், அது இருந்த சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு கலைந்தது என்று எழுதியதை உங்கள் பேராசிரியர் சுழித்துவிட்டார் என்கிறீர்கள். நியாயம் அவர் பக்கம்தான்.

அது பெரிய அடி, மறுக்கவில்லை. வீரர்களுக்குக் கள்ளத்தனமாகப் பணம் கொடுத்து மாட்டியதில் 1987 சீசன் முழுக்க ரத்து. 1988இல் அவர்களே ஆடாமல் ஒதுங்கிவிட்டார்கள். ஆனால் உங்கள் கட்டுரையில் 1984ஐக் காணவே காணோமே! டி.வி. ஒளிபரப்பில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. வைத்திருந்த பிடியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் உடைத்த ஆண்டு அது. பிறகு, எத்தனை வீடுகளில் உங்கள் ஆட்டம் ஓடும் என்பதை வைத்துத்தான் ஒளிபரப்பு உரிமைக்கு விலை. இந்தக் கான்ஃபரன்ஸுக்கு டெக்சாஸ் மாநிலத்தை விட்டால் ஆர்கன்சா பல்கலைக்கழகம் மட்டும்தான். அதுவும் 1990இல் எஸ்.இ.சி. என்ற வேறொரு கூட்டமைப்புக்குப் போக முடிவெடுத்தது. மிஞ்சிய எட்டுக் கல்லூரிகளும் ஒரே மாநிலம். யார் காசு கொட்டுவார்கள்?

1914இல் தொடங்கிய கான்ஃபரன்ஸ் 1996இல் முடிந்தது. டெக்சாஸ், ஏ அண்ட் எம், டெக்சாஸ் டெக், பேலர் நான்கும் பிக் எய்ட் என்ற இன்னொரு கூட்டமைப்பின் கல்லூரிகளோடு சேர்ந்து பிக் 12 என்ற புதுக் கூட்டமைப்பு ஆயின. மற்ற நான்கும் சிதறின. பேலர் எப்படி உள்ளே நுழைந்தது என்று இன்றும் சண்டை போடுவார்கள். அன்றைய டெக்சாஸ் ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் பேலரில் படித்தவர் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

1984ஐ முதல் பத்தியில் வையுங்கள், எஸ்.எம்.யூ.வை மூன்றாவதுக்குத் தள்ளுங்கள்.