குளக்கரைப் பிரமியைச் சாடியில வச்சாப் போதுமோ?

கேள்வி: அக்கா வணக்கம். எங்கட ஊர்க்குளத்துக் கரையில முந்தி நீர்ப்பிரமி பாய் விரிச்ச மாதிரி கிடக்கும், அம்மம்மா பிடுங்கிக்கொண்டு வந்து நெய் காய்ச்சுவா. இப்ப ஒரு மூலையில மட்டும்தான் மிச்சம். வாற கோடைக்கு குளத்தை ஆழமாக்கி, சுத்திவர கொங்கிறீட் சுவர் கட்டி நடைபாதை போடப்போகினமாம். செடியைப் பிடுங்கி வீட்டில சாடியில வச்சுக் காப்பாத்தலாமோ?
— வாசகி, தென்மராட்சி

பதில்: கட்டாயம் வையுங்கோ தங்கச்சி, ஆனா அதோட அலுவல் முடிஞ்சுதெண்டு மட்டும் விட்டிடாதேங்கோ.

முதல்ல அது பிரமிதானோ எண்டு வடிவாப் பாருங்கோ, ஏனெண்டா அதே ஈரத்தில பொடுதலையும் படரும். பொடுதலை இலையின்ர நுனிப்பக்கம் பல்லுப்பல்லா வெட்டியிருக்கும், பூவெல்லாம் ஒரு சின்னக் குமிழில நெருக்கிக்கொண்டு நிக்கும். பிரமி இலை சின்னன், தடிப்பு, விளிம்பு மழமழப்பு, ரெண்டு ரெண்டா எதிரெதிரா வரும், பூ ஒவ்வொண்டும் தனிக்காம்பில வெள்ளையா இல்லாட்டி வெளிறின ஊதாவா இருக்கும். வேரோட இழுக்கவேண்டாம். அது கணுவுக்குக் கணு வேர் விடுற செடி, ஒரு சாண் தண்டை வெட்டி, ஓட்டை இல்லாத பேசினில சேறு போட்டு ஊண்டினாலே பிடிச்சிடும்.

பிரமி உலகத்தில அரிதான செடியில்லை, வெப்பமான நாடுகள் கனக்கத்தில இருக்கு. ஆனா உங்கட குளத்தில அரிதாப் போச்சுதே, எனக்கு அதுதான் கவலை. அதுக்குத் தேவை ஆழத்தண்ணி இல்லை, மாரியில முங்கி, கோடையில மெல்ல மெல்ல ஈரம் வத்துற சாய்வான கரை. செங்குத்தாச் சுவர் எழுப்பினா உள்ளுக்கை ஆழத்தண்ணி, வெளியில காஞ்ச கல்லு, நடுவில முளைக்க இடமே இல்லை. பேந்து நீங்கள் சாடியில வளத்ததைத் திருப்பிக் கொண்டுபோய் எங்கை நடுறது? குளத்தைத் தூர் வாரவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. ஒரு பக்கக் கரையையாவது சுவரில்லாமல் சாய்வா விடச்சொல்லிக் கேளுங்கோ, மாடும் அதாலதானே தண்ணிக்கு இறங்கும். பாதிக் குளத்தை இந்த வருசமும் மிச்சத்தை அடுத்த வருசமும் வெட்டினா செடி தானாவே பரவும். அந்த மூலையில வெட்டுற மேல்சேத்தை லொறியில ஏத்தி அனுப்பாமல் திருப்பிக் கரையிலயே போடச்சொல்லுங்கோ, விதையும் வேரும் அதுக்கைதான் கிடக்கு.

செடிக்காக எண்டு மட்டும் சொன்னா ஊரில கொஞ்சப்பேர்தான் காது குடுப்பினம். கிணத்தையும் சேத்துச் சொல்லுங்கோ. யாழ்ப்பாணக் குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறில்லை, சுண்ணாம்புக்கல்லுக்கை இறங்குற மழைத்தண்ணியாலதான் எங்கட கிணறுகள் ஊறுது, அடியையும் கரையையும் சீமெந்தால மூடினா அந்த வழியும் அடைபடும்.

அம்மம்மாவின்ர நெய்யை நினைச்சு எழுதியிருக்கிறியள், அதால இன்னொண்டு. பிரமி தண்ணியில இருக்கிற ஈயம், கட்மியம் மாதிரியான நச்சுப் பார உலோகங்களை உறிஞ்சி வச்சிருக்கும். கழிவு வாய்க்கால் வந்து விழுற இடத்துச் செடியைச் சாப்பிடவோ மருந்துக்கு எடுக்கவோ கூடாது, சுத்தமான தண்ணியில வளத்ததுதான் நல்லம்.

குளம் கமநல சேவை நிலையத்துக்குக் கீழயோ பிரதேச சபைக்குக் கீழயோ எண்டு கிராம அலுவலரிட்டக் கேட்டு, மாரியிலயும் கோடையிலயும் அந்த மூலையை எடுத்த படங்களோட, விவசாயிகள் சங்கத்தின்ர கையெழுத்தையும் வாங்கிக் கடிதம் குடுங்கோ. கொந்தராத்துக் குடுக்க முதல் குடுக்கோணும், அதுக்குப் பிறகு வரைபடத்தை மாத்துறது சரியான கஷ்டம்.