கொசு ஏன் மருந்துக்குத் தப்புகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மருந்தைத் தாங்கிக்கொள்வதும் மருந்துக்கு விலகிப் போவதும் ஒன்றுதானா? (திருச்சி வாசகர்)

இல்லை. தாங்கிக்கொள்வது உடலின் வேலை. நொதிகள் மருந்தைச் சிதைத்துவிடும், அல்லது மருந்து பற்ற வேண்டிய நரம்புப் பகுதியே மாறியிருக்கும். விலகிப் போவது நடத்தை. மருந்து பூசிய சுவரில் உட்கார்ந்த கொசு, கால் எரிந்ததும் சாகும் அளவு ஏறுவதற்குள் பறந்துவிடுகிறது. சில கொசுக்கள் வீட்டுக்குள் நுழையாமலேயே திரும்பிவிடுகின்றன. டிடிடி என்ற பூச்சிமருந்துக்குக் கொசுவை இப்படி விரட்டும் குணம் உண்டு என்பது 1940களிலேயே தெரியும். வழக்கமான சோதனையில் கொசுவை மருந்துத் தாள் சுற்றிய குழாயில் அடைத்துவிடுவதால் அது ஓட வழியில்லாமல் சாகிறது. வீட்டில் சன்னல் திறந்திருக்கிறது. ஆகவே குழாயில் கிடைத்த முடிவை மட்டும் நம்பாதீர்கள்.

கொசுவுக்கு நினைவு உண்டா? (மதுரை, கல்லூரி மாணவி)

உண்டு. 2022இல் வெளியான ஆய்வொன்றில் ஏடிஸ், கியூலெக்ஸ் என்ற இரு வகைக் கொசுக்களின் பெண்களைச் சாகாத அளவு மருந்தில் ஒரே ஒருமுறை படவிட்டார்கள். பிறகு, இரையை அடைய வேண்டுமானால் மருந்து தோய்த்த வலையைக் கடக்க வேண்டும் என்று வைத்தார்கள். மருந்தே படாத கொசுக்களில் பாதிக்கு மேல் கடந்தன. முன்பே பட்டவற்றில் சுமார் 15 சதவீதம்தான். மருந்தின் வாடை வீசும் இடத்தில் ஓய்வெடுக்கவும் அவை தயங்கின. இதனால்தான் எப்போதும் சொல்கிறேன்: அரைகுறை அளவில் மருந்து அடிக்காதீர்கள். தப்பிய கொசு பாடம் கற்றுக்கொண்டு போகிறது.

எங்கள் வீட்டில் கொசு அதிகம். எந்த மருந்து நல்லது? (ஊர் குறிப்பிடவில்லை)

இப்படி எழுதினால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த ஊர், எத்தனை மணிக்குக் கடிக்கிறது, பக்கத்தில் சாக்கடையா, கிணறா, மேல்நிலைத் தொட்டியா? பகலில் கணுக்காலைத் தேடிக் கடித்தால் ஏடிஸ். நள்ளிரவில் காதருகே ரீங்கரித்தால் பெரும்பாலும் கியூலெக்ஸ். முதலில் கொசுவைத் தெரிந்துகொள்ளுங்கள், மருந்துப் பேச்சு அதற்குப் பிறகு.

வாரந்தோறும் காலை 11 மணிக்குத் தெருவில் புகை மருந்து அடிக்கிறார்கள். டெங்கு குறையவில்லை. மருந்தில் கலப்படமா? (சென்னை, குடியிருப்போர் சங்கம்)

மருந்தில் குறை இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நேரமும் இடமும் தவறு. இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன், இன்னும் கேட்பாரில்லை.

புகையில் இருப்பவை நுண்ணிய மருந்துத் துளிகள். அவை காற்றில் மிதக்கும் சில நிமிடங்களுக்குள் பறக்கும் கொசு மீது பட வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி அந்த நேரத்தில் தெருவிலா இருக்கிறது? கதவுக்குப் பின்னால் தொங்கும் கால்சட்டையை உதறிப் பாருங்கள், இரண்டு கொசு கிளம்பும். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், இருண்ட மூலைகளில்தான் அது ஓய்வெடுக்கிறது. இயந்திரச் சத்தம் கேட்டதும் நாம் ஓடிப்போய்க் கதவையும் சன்னலையும் சாத்துகிறோம். கொசுவுக்குக் காவல் நிற்பது நாமே.

வெயில் ஏறிய பிறகு தரை சூடாகி, புகை நேராக மேலே போய்விடுகிறது. ஏடிஸ் அதிகம் பறந்து கடிப்பது விடிந்த பின் சில மணி நேரமும், பொழுது சாயுமுன் சில மணி நேரமும். அடித்தே ஆக வேண்டுமென்றால் அப்போது அடியுங்கள், வீட்டைத் திறந்து வையுங்கள். ஓரமாகப் பட்டும் படாமலும் போகும் மருந்து மேலே சொன்ன அரைகுறை அளவுதான்.

புகை புழுவைத் தொடாது, முட்டையையும் தொடாது. ஏடிஸ் முட்டை தொட்டியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, நார் போட்டுத் தேய்க்க வேண்டும். முட்டை பொரித்துக் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை தேய்ப்பது கட்டாயம். புகை வண்டி வந்து போனால் ஏதோ நடந்துவிட்டது என்ற நிம்மதி மக்களுக்குக் கிடைக்கிறது. தொட்டி தேய்க்கும் வேலை நின்றுவிடுகிறது. என் கோபமெல்லாம் அதன்மேல்தான்.

கடிக்கும் நேரத்தையே கொசு மாற்றிக்கொள்ளும் என்கிறார்களே? (யாழ்ப்பாண வாசகர்)

உண்மை. சாலமன் தீவுகளில் வீடுகளுக்குள் டிடிடி அடித்த பிறகு, அங்கு மலேரியா பரப்பும் அனோபிலஸ் ஃபராட்டி வீட்டுக்கு வெளியே, மக்கள் தூங்கப் போகுமுன் முன்மாலையிலேயே கடிப்பது மிகுந்துவிட்டது. ஆப்பிரிக்காவில் பெனின், செனகல் நாட்டுக் கிராமங்களில் மருந்து தோய்த்த கொசுவலைகள் பரவிய பின் அனோபிலஸ் ஃபுனெஸ்டஸ் என்ற இன்னொரு மலேரியாக் கொசு விடிந்த பிறகும் கடிக்கிறது. ஒவ்வொரு கொசுவும் யோசித்து மாறியது என்று நினைக்காதீர்கள். வழக்கமான நேரத்தில் வந்தவை செத்தன, முன்னே பின்னே வந்தவை பெருகின என்பது ஒரு விளக்கம். இது மரபணுவில் பதிந்ததா, சூழலுக்கேற்ப அப்போதைக்கு வளைந்துகொடுப்பதா என்ற விவாதம் தீரவில்லை.

அப்படியானால் மருந்து தோய்த்த வலை வீண்தானே? (தருமபுரி வாசகர்)

வீணில்லை. மருந்து தோற்றாலும் வலை தடுப்பாக நிற்கும், கிழிசல் இல்லாதவரை. ஆப்பிரிக்காவில் படம்பிடித்துப் பார்த்ததில், கொசு அதிகம் மோதுவது படுத்திருப்பவருக்கு நேர் மேலே, வலையின் கூரையில். அங்கே ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாரந்தோறும் துவைக்காதீர்கள், சுமார் 20 சலவைக்குத்தான் மருந்து நிற்கும். நிழலில் உலர்த்துங்கள்.

சுவரில் மருந்து அடித்த மறுநாளே வெள்ளையடித்துவிட்டோம். பரவாயில்லையா? (விழுப்புரம் வாசகர்)

மருந்து சுண்ணாம்புக்கு அடியில் போய்விட்டது. சுகாதாரப் பணியாளரிடம் உடனே சொல்லி மறுபடி அடிக்கச் சொல்லுங்கள்.