ஜனவரிக் குளிருக்கு எந்த பாய்லர்?

நீலகிரி வீடுகளில் குழாய் வேலையும் பாய்லர், கீசர் பொருத்தும் வேலையும் பார்த்து வருபவர், வாசகர்களின் வெந்நீர்க் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

மாமியார் காலத்துச் செம்பு பாய்லர் ஒழுகுகிறது. வீட்டில் ஆறு பேர். வீட்டுக்காரர் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரே போதும் என்கிறார். மகன் கேஸ் கீசர் கேட்கிறான். கோவையில் இருக்கும் நாத்தனார் சோலார் போடச் சொல்கிறார். குளியலறையில் சின்ன ஜன்னல்தான். கூரை தகர ஷீட். எதை வாங்குவது?
– வாசகி, கோத்தகிரி

சகோதரி, மகன் கேட்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது உயிர் சம்பந்தப்பட்டது. கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே மாட்டாதீர்கள். உங்கள் ஊர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 6ல் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்காகச் செய்த பர்னர் இங்கே சரியாக எரியாது. அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். சிலிண்டர் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. தலை கனக்கும், கிறுகிறுக்கும், கதவைத் திறக்கக் கை எழும்பாது. குளிருக்குப் பயந்து ஜன்னல் இடுக்கில்கூட துணி செருகி வைக்கிற ஊர் நம் ஊர். கணப்புச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவடைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்தியை மலையில் எல்லோருமே கேட்டிருக்கிறோம். இதுவும் அதே விஷம்தான். மகனுக்கு இதைச் சொல்லிப் புரியவையுங்கள். கட்டாயம் வேண்டுமென்றால் கீசர் வெளித் தாழ்வாரத்தில் இருக்கட்டும், வெந்நீர் மட்டும் குழாயில் உள்ளே வரட்டும்.

இனி கரண்ட் கீசர். கடைக்காரர்கள் சொல்லும் லிட்டர் கணக்கு கோவைத் தண்ணீருக்குச் சரி. அங்கே குழாய்த் தண்ணீர் 25 டிகிரி இருக்கும். உங்கள் வீட்டில் ஜனவரி விடியலில் 12 டிகிரிதான் இருக்கும். வீட்டுக்காரர் சொல்லும் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் அந்தத் தண்ணீரைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தராது. 20 லிட்டர் வாளி நிறைய கால் மணி நேரம் ஆகும். ஆறு பேர் வரிசையில் நிற்க முடியுமா? அது கைகழுவும் தொட்டிக்குத்தான் சரி.

என் கணக்கு 25 லிட்டர், 2 கிலோவாட் சேமிப்பு கீசர். 12 டிகிரித் தண்ணீர் 60க்கு ஏற 40 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். அதை விளாவினால் 40 லிட்டர், அதாவது இரண்டு வாளி. ஒரு தடவை சூடேற 1.4 யூனிட், ஆறு பேருக்கு மூன்று தடவை என்றால் நாளுக்கு 4 யூனிட்டுக்கு மேல். குளிர்கால 2 மாதத்தில் 250 யூனிட் இதற்கே போகும், இலவச 100 யூனிட் காணாமல் போகும். இந்தச் செலவை மனதில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். பாதிப்பேர் மாலையில் குளித்தால் காலை நெரிசல் குறையும், கரண்ட் குறையாது. ஸ்டார் குறியீடு, சூடான தண்ணீர் டாங்கிலேயே எவ்வளவு சூடு இழக்கிறது என்பதைக் காட்டுவது. குளியலறையே ஐஸ் மாதிரி இருக்கும் மலை வீட்டில் அதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்.

வாங்கும் முன் ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய மலை வீட்டுச் சுவர்கள் மழை மாதங்களில் ஈரம் ஊறியே இருக்கும். தனி ஒயர், 16 ஆம்பியர் பிளக், கரண்ட் கசிந்தால் 30 மில்லி ஆம்பியரிலேயே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் – இந்த மூன்றும் இல்லாத வீட்டில் நான் கீசர் மாட்டுவதில்லை.

சோலார் நல்லதுதான், ஆனால் 200 லிட்டர் டாங்க் என்றால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. தகர ஷீட் தாங்காது. என்றைக்காவது கான்கிரீட் போடும்போது யோசியுங்கள்.

கடைசியாக அந்தச் செம்பு பாய்லர். தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தண்ணீர் நிரப்பி, நெருப்பு மூட்டாமல் ஒரு ராத்திரி விட்டுவிட்டு, காலையில் சாம்பல் தட்டை இழுத்துப் பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் சாம்பல் நனைந்து கட்டியாகியிருந்தால் விறகு எரியும் நடுக்குழாயின் இணைப்பில் பற்று விட்டிருக்கிறது, பாத்திரக்காரரிடம் கொடுத்து அந்த இணைப்பைப் பற்றவைத்தால் போதும். தட்டு முழுக்கச் சகதியாக இருந்தால் நெருப்புப் படும் இடத்தில் குழாயே தேய்ந்திருக்கிறது. அப்போதும் வெளிச்செம்பு கெட்டியாக இருக்கும். நடுக்குழாயை மட்டும் மாற்றித் தரும் பாத்திரக்காரர்களைத் தேடுங்கள். பாய்லரைப் பின்புறச் சாய்ப்பில் வைத்து, புகைக்குழாயைக் கூரைக்கு மேல் ஏற்றிவிடுங்கள். ஆடி மழையில் கம்பிமேல் மரம் விழுந்தால் கரண்ட் எப்போது திரும்பும் என்று யார் சொல்ல முடியும்? அன்றைக்குக் காய்ந்த சீகை விறகு நாலு செருகி, மேலே பச்சைத் தண்ணீரை ஊற்ற ஊற்ற மூக்கில் வெந்நீர் கொட்டும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அது பெரிய ஆறுதல்.

உறைபனியில் எங்கள் சோலார் தகட்டின் செம்புக் குழாய் வெடித்துவிட்டது. அதே வகையை மறுபடி போடலாமா?
– வாசகர், தலைக்குந்தா

வேண்டாம். மேகமில்லாத இரவில் தகடு தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். உள்ளே தண்ணீர் ஐஸானால் ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். குழாய் கிழியாமல் என்ன செய்யும்? கண்ணாடிக் குழாய் வகைக்கு மாறுங்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால் சூடு வெளியே போகாது. ஆனால் டாங்குக்குப் போய்வரும் வெளிக் குழாய்களுக்கு நுரை உறை கட்டாயம். மேலே கம்பி வலையும் போடுங்கள். குரங்கு ஒரே ஒரு குழாயை உடைத்தாலும் டாங்க் முழுக்கக் காலியாகும்.

உறைபனி விழும் மாதங்களில் பகல் வெயில் பளீரென்று அடிப்பதால் சோலார் அப்போது நன்றாக வேலை செய்யும். கைவிடுவது ஆடியிலும் ஐப்பசியிலும்தான். அப்போது டாங்குக்குள் இருக்கும் கரண்ட் காயிலைப் போடாதீர்கள். 200 லிட்டரையும் 30 டிகிரி ஏற்ற 7 யூனிட் தின்னும். குளியலறையில் தனியாக ஒரு சின்ன சேமிப்பு கீசர் இருந்தால் அன்றன்றைய தேவைக்கு மட்டும் சுட வைக்கலாம்.

புது கீசரின் சேஃப்டி வால்வு எந்நேரமும் சொட்டுகிறது. மேலே உள்ள ஊற்றிலிருந்து கறுப்பு ஹோஸில் நேராகத் தண்ணீர் வருகிறது. வேலைக்காரர் மரக்கட்டையால் வால்வை அடைத்துவிட்டார். சரியா?
– வாசகர், குன்னூர்

சூடேறும்போது சில துளிகள் சொட்டுவது இயல்பு, தண்ணீர் சூட்டில் பருக்கிறது. நாள் முழுக்கச் சொட்டுவது ஊற்றின் உயரத்தால். ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் 1 பார் அழுத்தம் கூடும். ஊற்று உங்கள் வீட்டுக்கு 80 மீட்டர் மேலே இருந்தால் 8 பார். பெரும்பாலான கீசர்களின் எல்லையே அதுதான். கூரைமேல் மிதவை வால்வு வைத்த ஒரு டாங்க் போட்டு, ஹோஸை அதில் விட்டு, அங்கிருந்து கீசருக்கு இறக்குங்கள். மழைக்கால மண்ணும் சருகும் அந்த டாங்கிலேயே தங்கிவிடும். மரக்கட்டையை இன்றே பிடுங்குங்கள். சூடு ஏறியதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட் பழுதானால் அழுத்தம் வெளியேற அந்த ஒரு வழிதான் இருக்கிறது. கட்டையை எடுக்கும்வரை கீசர் சுவிட்சை யாரும் போட வேண்டாம்.