மூன்றாம் நாள் இரவு, சுவரெல்லாம் எறும்பு

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன 68 வயதுப் பெரியவர், அட்மிட் ஆன மூன்றாம் நாள் இரவு 'சுவரெல்லாம் எறும்பு ஊருது' என்று கத்தி, கையிலிருந்த ஊசியைப் பிடுங்கிவிட்டார். காலையில் தெளிவாகப் பேசி இட்லி சாப்பிட்டார். அடுத்த இரவும் அதே கதை. 'அப்பாவைக் கீழ்ப்பாக்கம் கூட்டிட்டுப் போகணுமா சிஸ்டர்?' என்று மகன் கேட்கிறார். இது சைக்கோசிஸ் என்கிற மனநோயா, டிமென்ஷியா என்கிற மறதி நோயா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில்: சிஸ்டர், விடையில் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். இரவில் கத்தினார், காலையில் தெளிந்தார், மறுபடி இரவில் குழம்பினார். இப்படி ஏறி இறங்குவது டெலிரியம் என்கிற திடீர் மனக்குழப்பத்தின் குணம். மூளையைப் பாதிக்கும் உடல் கோளாறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

சைக்கோசிஸ் வகை மனநோயான ஸ்கிசோஃப்ரினியா பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கும். அதில் காதில் குரல் கேட்பதுதான் அதிகம். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். 68 வயதுவரை ஒழுங்காக இருந்தவர் திடீரென எறும்பைப் பார்த்தால், உடம்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டிமென்ஷியா மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். ஆனால் லேசான மறதி இருப்பவருக்கு ஆபரேஷனுக்குப் பின் டெலிரியம் சுலபமாக வரும். அதனால் மகனிடம் 'போன மாசம் எப்படி இருந்தார்?' என்று கேளுங்கள். எந்த ஸ்கேனை விடவும் அந்தப் பதிலுக்கு மதிப்பு அதிகம்.

சோதிக்க ஒரு எளிய வழி: தமிழ் மாதங்களைப் பங்குனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். மாதம் பழக்கமில்லை என்றால் கிழமைகள் போதும். டெலிரியத்தில் இருப்பவர் பங்குனி, மாசி என்று தொடங்கிவிட்டு, 'என்னம்மா கேட்ட?' என்பார். கவனம் நிற்காது. மனச்சோர்வில் இருப்பவர் 'தெரியலம்மா, விடு' என்று முயற்சியையே கைவிடுவார்.

அப்புறம், மூன்றாம் நாள் என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. குடிப்பழக்கம் உள்ளவர் நிறுத்திய இரண்டு முதல் நான்கு நாளில் இப்படித்தான் பூச்சி, எறும்பு என்பார். மனைவி, மகன், மருமகள் எல்லாரும் நிற்கும்போது கேட்டால் 'அப்பா தொடவே மாட்டார்' என்றுதான் பதில் வரும். மகனைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துக் கேளுங்கள். வீட்டில் தினமும் தூக்க மாத்திரை போட்டு, இங்கே வந்ததும் நின்றுபோயிற்றா என்றும் கேளுங்கள். கை நடுக்கம், வியர்வை, நாடித்துடிப்பு, பிரஷர் எல்லாம் ஏறியிருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. டயசிபாம் வகை மருந்து குடி நிறுத்தக் குழப்பத்துக்குத்தான் சிகிச்சை. மற்ற டெலிரியத்தில் அதே மருந்து குழப்பத்தைக் கூட்டிவிடும். என்ன நோய் என்று தெரியாமல் ஊசி போட்டுத் தூங்கவைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

குடி இல்லை என்றால்? சுகர், ஆக்சிஜன், காய்ச்சல், வலி பாருங்கள். ரத்தத்தில் சோடியம் 135-க்குக் கீழே போயிருக்கிறதா. பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அது முக்கியம். வலிக்கு டிராமடால் போகிறதா, அலர்ஜிக்கு ஃபெனிரமின் ஊசி போட்டார்களா. மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு இருக்கிறதா.

சிறுநீர் அடைப்பில் நான் சூடுபட்டவன். டாக்டர் மேற்படிப்பு படிக்கும்போது, அலறிக்கொண்டிருந்த ஒரு பாட்டிக்கு ஆவேசத்தை அடக்கும் ஹாலோபெரிடால் மருந்தை எழுதிவிட்டுப் போய்விட்டேன். நைட் சிஸ்டர் சார்ட்டில் 'மாலை 6 மணியிலிருந்து சிறுநீர் போகவில்லை' என்று எழுதியிருந்தார், நான் படிக்கவில்லை. விடியற்காலையில் அவரே இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு சிறுநீர் வெளியேறக் கதீட்டர் குழாய் போடவைத்தார். ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. பாட்டி தூங்கிவிட்டார்.

நான் வார்டில் நிற்பது பத்து நிமிடம், நீங்கள் எட்டு மணி நேரம். அதனால் 'பேஷன்ட் கன்ஃப்யூஸ்டு' என்று மட்டும் எழுதாதீர்கள். 'இரவு 2.10: எறும்பு என்கிறார். 2.40: மகனை அடையாளம் தெரியவில்லை. காலை 7: தெளிவு' என்று எழுதுங்கள். அதைப் படிக்கும் டாக்டருக்கு நோய் புரிந்துவிடும். இன்னொன்று: இதே டெலிரியம் சிலரைச் சத்தமே இல்லாமல் படுக்கவைத்துவிடும். 'அந்த பெட் ஐயா தொந்தரவே இல்லை' என்று ஹேண்டோவரில் சொல்கிறோமே, அவரையும் பங்குனி, மாசி கேட்டுப் பாருங்கள். மனச்சோர்வு என்று தவறாகப் பெயர் வாங்குபவர்கள் அவர்கள்தான்.

கையைக் கட்டிப் போடாதீர்கள், பதற்றம் கூடும். கண்ணாடியும் காது மெஷினும் பையிலேயே கிடக்கின்றனவா என்று பாருங்கள். இரவு அவசியமில்லாமல் எழுப்ப வேண்டாம். மகனே பக்கத்தில் இருக்கட்டும்.

அந்த மகனிடம் சொல்லுங்கள்: இது பைத்தியம் இல்லை, கீழ்ப்பாக்கம் இப்போது தேவையில்லை. காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும், வயதானவர்களுக்குச் சில வாரம்கூடப் பிடிக்கலாம். ஞாபகமறதிப் பரிசோதனையை இப்போது செய்யாதீர்கள், தப்பான விடைதான் வரும். வீட்டுக்குப் போய் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கூட்டிக்கொண்டு வரட்டும்.