பிறர் எழுதிய நிரலகத்தை (லைப்ரரி) நம் தேவைக்கு மாற்றும்போது அதன் உள்ளே கைவைக்கலாமா?

உரிமம் இடம்கொடுத்தால் வைக்கலாம். ஆனால் முதலில் வெளியே ஓர் இடையடுக்கு (இரண்டு நிரல்களுக்கு நடுவே நின்று இணைக்கும் பகுதி) எழுதி வேலையை முடிக்க முடியுமா என்று பார்ப்பதே என் வழக்கம். மூல நிரலில் நாம் செய்யும் திருத்தங்களை ஒவ்வொரு புதிய பதிப்பின்போதும் நாமே மீண்டும் பொருத்திச் சரிபார்க்க வேண்டியிருக்கும். திட்டமிடும்போது இந்த உழைப்பைப் பெரும்பாலும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சஃபாரி உலாவி இதற்கு நல்ல சான்று. ஆப்பிள் தன் உலாவிக்கான எஞ்சினை (இணையப் பக்கங்களைத் திரையில் வரைந்துகாட்டும் பகுதி) புதிதாக எழுதாமல், கட்டற்ற மென்பொருள்களை எழுதும் கேடிஈ (KDE) குழுவினரின் கேஹெச்டிஎம்எல் (KHTML) எஞ்சினையும் அதன் ஜாவாஸ்கிரிப்ட் பகுதியான கேஜேஎஸ்ஸையும் எடுத்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்தே 1,40,000 வரிகளுக்குக் குறைவு என்பது அந்தத் தேர்வுக்கு ஒரு காரணம். ஆனால் கேஹெச்டிஎம்எல் சாளரம், பொத்தான் போன்றவற்றை உருவாக்க உதவும் க்யூடி (Qt) நிரலகத்தைச் சார்ந்து எழுதப்பட்டிருந்தது. அதற்காக எஞ்சின் முழுவதையும் திருத்தாமல், அது பயன்படுத்தும் க்யூடி வகுப்புகளை மட்டும் அதே பெயர்களில், உள்ளுக்குள் மேக்கின் வசதிகளைக் கொண்டு இயங்குமாறு, 'குவாக்' என்று அவர்கள் அழைத்த இடையடுக்காக எழுதினார்கள். எஞ்சினுக்குத் தான் வீடு மாறியதே தெரியாது. மிக நேர்த்தியான வேலை என்பது என் கருத்து.

2003 ஜனவரியில் சஃபாரி அறிவிக்கப்பட்டது. கேஹெச்டிஎம்எல்லுக்குரிய எல்ஜிபிஎல் (LGPL) என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின்படி மாற்றங்களும் வெளியிடப்பட்டன. ஆனால் எஞ்சினுக்குள் செய்த திருத்தங்கள் பெருந்தொகுப்புகளாகவே வந்ததால், எந்த வரி எதற்காக மாறியது என்று பிரித்தறிந்து தம் நிரலில் சேர்ப்பது கேடிஈ குழுவினருக்குப் பெரும்பாடாயிற்று. 2005 ஜூனில் ஆப்பிளின் அந்த எஞ்சினான வெப்கிட் பொதுக் களஞ்சியமாகத் திறக்கப்படுவதற்குள் அதுவும் கேஹெச்டிஎம்எல்லும் வெகுவாக விலகிவிட்டன. 2013இல் கூகுள் வெப்கிட்டிலிருந்து தன் குரோம் உலாவிக்கான ப்ளிங்க் எஞ்சினைப் பிரித்தபோது, தனக்கு வேண்டாத 45 லட்சம் வரிகளுக்கு மேல் நீக்க முடியும் என்று அறிவித்தது. பலருடைய தேவைகளை ஒரே நிரல் சுமந்தால் சேரும் எடை அது. இத்தகைய செலவைப் பெருநிறுவனங்கள் தாங்கும். சிறு குழுவால் இயலாது.

உள்ளே கைவைத்தே தீர வேண்டுமெனில், திருத்தங்களைச் சிறு பேட்ச்களாக (தனித்தனித் திருத்தக் கோப்புகளாக), காரணக் குறிப்போடு, தனிக்கிளையில் வைத்திருங்கள். பிறருக்கும் பயன்படக்கூடியவற்றை உடனுக்குடன் மூலத் திட்டத்துக்கு அனுப்புங்கள். உங்கள் நிறுவனத்துக்கே உரிய தர்க்கத்தை நிரலகத்துக்குள் கலக்காதீர்கள், ஏனெனில் எல்ஜிபிஎல் நிரலகத்தைத் திருத்திப் பிறருக்கு வழங்கினால் அந்தத் திருத்தத்தின் மூல நிரலையும் அளிக்க வேண்டும். வெளியிலிருந்து அதை அழைக்கும் உங்கள் சொந்த நிரலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.