ஊற்றுக்கு மேலே பாருங்கள்

கேள்வி: நீலகிரியில் கோத்தகிரி பக்கம் எங்கள் ஹட்டி (படுகர் ஊர்). குடிநீர் தரும் ஊற்று வருஷா வருஷம் மார்ச்சில் மெலிந்துகொண்டே வருகிறது. அதற்கு மேலே ஒரு சதுப்பு. ஓரமெல்லாம் சீகை (வாட்டில்) மரம். பருவநிலை மாற்றத்துக்காக அந்தச் சதுப்பில் 500 மரக்கன்று நடலாம் என்று ஊராட்சியில் பேசுகிறார்கள். கிராம சபையில் நாங்கள் என்ன கேட்கலாம்?

பதில்: முதலில் அந்தக் கன்றுகளைச் சதுப்பில் நட விடாதீர்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் இடம் தவறு. தென்மேற்குப் பருவத்திலும் ஐப்பசியிலும் பெய்கிற மழையைச் சதுப்பின் கறுப்பு மண் பிடித்துவைத்து, தை பிறந்த அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. மார்ச்சில் உங்கள் குடத்தில் விழுவது அந்தத் தண்ணீர்தான்; அங்கே மரம் வளர்ந்தால் அதை மரமே உறிஞ்சிவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழையைத் தாங்கவும் சதுப்பு வேண்டும். கன்றுகளைப் பள்ளி வளாகத்திலும் சாலையோரத்திலும் நடட்டும். இந்த மலைக்கே உரிய சோலைக்காட்டு மரங்களாகக் கேளுங்கள்.

கூட்டத்துக்கு முன் இரண்டு வேலை. ஊற்றில் 10 லிட்டர் வாளியை வைத்து, நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று வாரம் ஒருமுறை நோட்டில் எழுதுங்கள். 60 வினாடி என்றால் நாளுக்கு 14,400 லிட்டர். தலைக்கு 55 லிட்டர் கணக்கில் சுமார் 260 பேருக்குப் போதும். அடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில் (ஊர் நிலங்களின் விவரப் பதிவேடு) சதுப்பின் சர்வே எண்ணைப் பாருங்கள். புறம்போக்கா, பட்டாவா, வனமா என்பதைப் பொறுத்தே எல்லாம். பட்டா என்றால் உரிமையாளரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். வனம் என்றால் தீர்மானம் மாவட்ட வன அலுவலருக்குப் போக வேண்டும். மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்தில் காலநிலை அலுவலரும் அவரே.

“நீர்நிலையைப் பாதுகாக்க வேண்டும்” என்று பொதுவாக எழுதிய தீர்மானம் கோப்போடு தூங்கிவிடும். சர்வே எண்ணைப் போட்டு எழுதுங்கள்: சதுப்பில் புது வாய்க்கால் வெட்டக் கூடாது, நீரை வடிக்கிற பழைய வாய்க்காலை மண்ணும் கல்லும் போட்டு அங்கங்கே தடுக்க வேண்டும், ஊற்றுக்கு மேல்சரிவில் கழிவுநீர்க் குழி கூடாது, ஊற்றுக்கண்ணைச் சுற்றி கான்கிரீட் போடக் கூடாது. கசிவு வரும் வழியை சிமெண்ட் அடைத்ததும் தண்ணீர் வேறு பக்கம் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன்; அந்த ஊர்ப் பெண்கள் இன்னும் கீழே இறங்கித்தான் சுமக்கிறார்கள்.

சீகை வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய மரம்; அதை அகற்ற வேண்டியதுதான், ஆனால் அவசரம் வேண்டாம். மலைப்பகுதியில் மரம் வெட்ட அனுமதி வேண்டும், பட்டா நிலமானாலும் சரி. சரிவில் ஒரேயடியாக வெட்டினால் மண் இறங்கும். அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டு உயிரோடு கிடக்கும் என்பதால், ஒருமுறை வெட்டிவிட்டு வந்தால் அடுத்த மழைக்கு இன்னும் அடர்த்தியாக முளைக்கும். நாற்றாக இருக்கும்போதே பிடுங்கும் வேலையை 5 ஆண்டுக்காவது கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். செலவு பெரிதில்லை, கூலி மட்டும்தான்.

கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், ஊற்று மெலிந்திருக்கும் சமயமும்கூட. வாளிக் கணக்கு நோட்டை அன்று எடுத்துப் போய் எல்லோர் முன்னும் படித்துக் காட்டுங்கள். தீர்மானம் பதிவேட்டில் எழுதப்படுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, நகலுக்கும் அன்றே மனு கொடுத்துவிடுங்கள்.