பெரும் விலைக்கு வாங்கப்பட்ட கால்பந்து வீரர் புதிய கிளப்பில் சோபிக்காமல் போனால் தவறு யாருடையது?

கேள்வியின் தொனியைப் பார்த்தால், உங்கள் அணியின் புதுவரவை நினைத்து நீங்கள் நொந்துபோயிருப்பது தெரிகிறது. பார்சிலோனா ரசிகனான எனக்கு அந்த வேதனையைத் தந்தவர் பிரேசிலின் ஃபிலிப்பே கூட்டின்யோ. ஆனாலும் முதல் குற்றவாளி அவர் அல்லர், ஆடும் இடத்தை முடிவு செய்யாமலே அவரை வாங்கிய நிர்வாகம்தான் என்பது என் உறுதியான கருத்து.

2017 ஆகஸ்டில் எங்கள் நட்சத்திர வீரர் நெய்மார் 22.2 கோடி யூரோவுக்குப் பாரீஸ் கிளப்புக்குப் போய்விட்டார். கையில் பணத்தையும் எதிரில் ரசிகர்களின் கோபத்தையும் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போன நிர்வாகம், முதலில் டெம்பெலேயையும், 2018 ஜனவரியில் லிவர்பூலிலிருந்து கூட்டின்யோவையும் வாங்கியது. அடிப்படை விலை 12 கோடி யூரோ, நிபந்தனைகள் நிறைவேறினால் மேலும் 4 கோடி என்று செய்திகள் வந்தன. நம் மடியில் எவ்வளவு இருக்கிறது என்பது விற்பவருக்குத் தெரிந்த பிறகு பேரம் எங்கே படியும்?

முதல் அரைப் பருவத்தில் கூட்டின்யோ 10 கோல்கள் அடித்தார் என்பதை இப்போது யாரும் நினைவுகூர்வதில்லை. இனியஸ்டா விடைபெற்ற பின்புதான் சிக்கல் முற்றியது. நடுக்களத்தில் அவர் விட்டுச்சென்ற இடத்துக்குக் கூட்டின்யோ வருவார் என்று எதிர்பார்த்தோம். பயிற்சியாளர் வால்வெர்தேயோ பெரும்பாலும் அவரை முன்வரிசையின் இடப்புறத்தில் நிறுத்தினார். இடப்புறத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து, வலது காலால் தூரத்து மூலைக்குப் பந்தை வளைத்து அடிப்பதே அவருடைய தனித்திறமை. ஆனால் அவர் உள்ளே வரும் அந்த வெளியில்தான் மெஸ்ஸி பந்துக்காகக் காத்திருப்பார். கோட்டோரத்தில் நிற்கலாமென்றால் பின்னாலிருந்து இடப்புறத் தடுப்பாட்டக்காரர் ஜோர்டி ஆல்பா பாய்ந்து வருவார். ஆகவே பந்தை வாங்கித் திருப்பிக் கொடுப்பவராகவே அவர் சுருங்கிப்போனார்.

சொந்த மைதானத்திலேயே அவரை நோக்கி விசில் அடித்தார்கள். நம் ஊரில் விசில் என்றால் கொண்டாட்டம், ஸ்பெயினிலோ அது அவமதிப்பு. 2019 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக அருமையான கோல் ஒன்றை அடித்துவிட்டு, அவர் கண்களை மூடிக் காதுகளை விரல்களால் அடைத்துக்கொண்டு நின்றார். திமிர் என்றார்கள், எனக்கென்னவோ வலியாகத்தான் தெரிந்தது.

அடுத்த மாதம் லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் நடந்த சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தை, லிவர்பூல் ரசிகரான என் மைத்துனருடன் நள்ளிரவில் பார்த்தேன். முதல் ஆட்டத்தில் 3-0 என வென்றிருந்த நாங்கள் அன்று 0-4 எனத் தோற்றோம். கூட்டின்யோ ஒவ்வொரு முறை பந்தைத் தவறவிட்டபோதும், "இதற்குத்தானா 16 கோடி, மாப்பிள்ளை?" என்று மைத்துனர் கேட்டுக்கொண்டே இருந்தார். அறுபதாவது நிமிடத்தில் கூட்டின்யோவை வெளியே அழைத்துவிட்டார்கள். அவர் அடித்த பந்தைத் தடுத்த கோல்கீப்பர் அலிசனும், எதிரே அரணாக நின்ற தடுப்பாட்டக்காரர் வான் டைக்கும் அவரை விற்ற பணத்தில் வந்தவர்கள் என்று மைத்துனர் விடிய விடியச் சொல்லிக்கொண்டிருந்தார். வான் டைக் ஒப்பந்தம் இந்த விற்பனைக்கு முன்பே அறிவிக்கப்பட்டது என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

கூட்டின்யோமீது குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. பந்து பறிபோனால் துரத்திப் பிடிக்கும் வேகம் அவரிடம் குறைவு; தன்னம்பிக்கை போனதும் எதிராளியைத் தாண்ட முயல்வதையே நிறுத்திவிட்டார். ஆனால் திறமையே இல்லாதவர் என்பவர்கள் 2020 ஆகஸ்டை நினைத்துப் பார்க்க வேண்டும். நாங்களே லோன் அடிப்படையில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கிளப்புக்கு அனுப்பியிருந்த அவர், லிஸ்பனில் மாற்று வீரராக வந்து எங்களுக்கு எதிராகவே இரண்டு கோல்கள் அடித்தார். 8-2 என்ற அந்தத் தோல்வி இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

ஒரே ஓர் உதாரணத்தை வைத்துப் பேசுகிறேன் என்று யாராவது கிளம்பினால், கிரீஸ்மனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019இல் 12 கோடி யூரோ கொடுத்து வாங்கிய அவரையும் பல ஆட்டங்களில் அதே இடப்புறத்தில்தான் நிறுத்தினார்கள். 2021இல் அவர் பழைய அணியான அத்லெடிகோவுக்கே திரும்பி, அங்கே மறுபடியும் ஒளிர்ந்தார்.